பள்ளிக் கணிப்பொறிக்கு ஏற்ற இயக்க அமைப்பு

கணிப்பொறியின் நினைவகத்தையும் செயலியின் நேரத்தையும் பல நிரல்களுக்குப் பங்கிட்டளிப்பது, கோப்புகளைக் காப்பது, அச்சுப்பொறி முதலிய துணைக் கருவிகளை இயக்குவது ஆகியவை இயக்க அமைப்பின் பணிகளாகும். அது நிலைகுலைந்தால் பொறி முழுவதும் பயனற்றதாகிவிடும்.

1983-ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த க்னூ திட்டமும், 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருநிரலும் இணைந்து கட்டற்ற இயக்க அமைப்பு உருவாயிற்று. நிரலைப் படிக்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உள்ள உரிமையே தலையாயது என்பர் ஒரு சாரார். பலர் கூடித் திருத்துவதால் விளையும் தரமே தலையாயது என்பர், 1998-இல் 'திறந்த மூலம்' என்னும் பெயரை வழங்கிய மற்றொரு சாரார். வகுப்பில் மாணவர் காத்திருக்க, இயங்காத பொறியின் முன் நிற்கும் ஆசிரியருக்கு இவ்விவாதம் உதவாது.

மும்பை தேவ்நாரிலுள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் பிற நிறுவனங்களுடன் கூடி 2015-இல் தொடங்கிய 'கிளிக்ஸ்' கல்வித் திட்டம் இங்குக் கருதத்தக்கது. இராஜஸ்தான், மிசோரம், சத்தீஸ்கர், தெலங்கானா மாநிலங்களின் அரசுப் பள்ளிகளில் அது நடைபெற்றது. இணைய வசதி குன்றிய பள்ளிகளுக்காகப் பாடங்கள் பள்ளியிலேயே வைத்த வழங்கிக் கணிப்பொறியில் சேமிக்கப்பட்டன. அண்மையிலுள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் உருவாக்கிய கட்டற்ற மென்பொருள் இதற்கு அடிப்படையாயிற்று. இணைய இணைப்பு அறுந்தாலும் பாடம் நிற்கவில்லை. அதுவே அதன் சிறப்பு.

இயக்க அமைப்பையும் இவ்வாறே பயன் நோக்கி மதிப்பிடுதல் நன்று. முதலில், வன்தட்டில் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே அதனை இயக்கிப் பார்க்கலாம். அச்சுப்பொறியும் ஒலியும் இயங்குகின்றனவா? தமிழ் எழுத்துகள் பிழையின்றித் தோன்றி அச்சாகின்றனவா? பழைய ஆவணங்கள் உருக்குலையாமல் திறக்கின்றனவா? பாதுகாப்புத் திருத்தங்கள் எத்தனை ஆண்டுகள் கிடைக்கும்? 32 பிட் செயலியுடைய பழைய பொறிகளைப் பல புதிய வெளியீடுகள் ஏற்பதில்லை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இதனால் உரிமை பயனற்றது என்று கொள்ளலாகாது. சென்னை சி-டாக் நிறுவனத்தார் டெபியன் அமைப்பைத் திருத்தி, இந்திய மொழிகளுக்கு உகந்த 'பாஸ்' அமைப்பை உருவாக்க முடிந்தது அவ்வுரிமையினாலேயே. ஆயினும், கட்டற்றது என்பதற்காகக் குறையை மறைப்பதும், விலையில்லாதது என்பதற்காக இகழ்வதும் ஒருங்கே தவறாம். சோதித்துக் கண்ட முடிவைக் குறித்துவைத்து அடுத்த பள்ளிக்கும் தெரிவிப்பதே களப்பணியாளர் செய்யத்தக்க நற்பணியாகும்.