அரணும் வாக்கும்: ஊவாத் தோட்டங்களின் அரசியல் வரலாற்றில் ஒரு பகுதி

முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தெரிவு செய்யும் விதிகளை விரித்துரைக்கின்றன. தெரிவு செய்யப்படுவோன் 35 வயதுக்கு மேற்பட்டு 70 வயதுக்கு உட்பட்டவனாயிருத்தல் வேண்டும். கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவனாயும், தனக்குரிய மனையில் வீடு கட்டி வாழ்பவனாயும் இருத்தல் வேண்டும். முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாது விட்டவனும் அவன் சுற்றத்தாரும் விலக்கப்படுவர். அச்சபை பிராமணர் ஊர்ச்சபையே. அதனைக் குடியாட்சியின் நிறைவடிவமெனப் போற்றுவது மிகையாகும். ஆயினும் அவ்விதிகளில் ஒரு நேர்மை உண்டு. சல்லடை தலைவனாக வருவோன்மேல் பிடிக்கப்பட்டது.

சுதந்திரம் பெற்ற இலங்கையிலோ, அச்சல்லடை தலைவரைத் தெரிவோர்மேல் திருப்பப்பட்டது. நாட்டின் பாதுகாப்பும் குடிகளின் விசுவாசமும் அதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. கட்சிகள் இவ்விரு சொற்களையும் எவ்வாறு கையாண்டன என்பதை ஆராய்வதற்குப் பதுளையைப்போல் ஏற்ற களம் வேறொன்றில்லை.

சோல்பரி அரசியலமைப்பின்படி 1947இல் நடைபெற்ற முதற் பொதுத்தேர்தலில், தெரிவு செய்யப்படும் உறுப்பினர் தொகை 95. அவர்களுக்கென வகுக்கப்பட்ட 89 தொகுதிகளுள் ஐந்து மட்டுமே பல அங்கத்தவர் தொகுதிகள். கொழும்பு மத்தி மூன்று உறுப்பினரையும், பதுளை, பலாங்கொடை, கடுகண்ணாவை, அம்பலாங்கொடை-பலப்பிட்டி ஆகியன இவ்விரண்டு உறுப்பினரையும் அனுப்பின. இத்தகைய தொகுதியில் வாக்காளன் தனக்குரிய இரண்டு வாக்குகளையும் ஒருவருக்கே அளிக்கலாம். எனவே பெரும்பான்மையோரிடையே கலந்து வாழும் சிறுபான்மையினர், தம் வாக்குகளைச் சிதறவிடாது ஒன்றுதிரட்டினால் ஓர் உறுப்பினரையேனும் பெறுவர். சிங்களக் கிராமங்களும் தேயிலைத் தோட்டங்களும் ஊடும் பாவுமாகக் கிடக்கும் பதுளைக்கு இம்முறை நன்கு பொருந்திற்று. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரசின் எஸ். எம். சுப்பையா பதுளையின் உறுப்பினருள் ஒருவராகப் பாராளுமன்றம் புகுந்தார். நுவரெலியாவில் எஸ். தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம் உள்ளிட்ட அக்காங்கிரசினர் எழுவர் அத்தேர்தலில் வென்றனர்.

ஐக்கிய தேசியக் கட்சி பெற்றவை 42 இடங்கள். தனித்து ஆட்சியமைக்கப் போதாத தொகை. தோட்டத் தமிழரின் வாக்கு, தம்மவர் நில்லாத தொகுதிகளில் இடதுசாரிகளுக்கே பெரிதும் சென்றது என்பது அக்காலத்து அரசியலாளர் அனைவரும் அறிந்த செய்தி.

இனி, பாதுகாப்பு என்ற வாதத்தை அதற்குரிய மதிப்போடு நோக்குதல் முறை. 1946ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்தியத் தமிழர் ஏறத்தாழ ஏழு இலட்சத்து எண்பதினாயிரவர். அஃதாவது மொத்தக் குடித்தொகையில் 11.7 வீதம். கண்டிப் பகுதிகளில் தமது குரல் அமிழ்ந்துபோகும் என்ற அச்சம் 1928இல் சர்வசன வாக்குரிமை பற்றிய விவாதம் எழுந்த நாளிலிருந்தே சிங்களத் தலைவரிடையே இருந்தது. ஊவா 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் நிலம். அக்கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட கொடுமையை மறவாத நிலம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்டவியலாத காடுகளையும் சேனைகளையும் முடிக்குரியனவாக்கித் தோட்ட முதலாளிகளுக்கு வழிவிட்டது. நிலமிழந்த குடியானவன் அண்ணாந்து பார்க்கும் மலையில் கண்டது தேயிலையையும், அதனைப் பறிக்கும் தமிழரையுமே. நிலத்தை எடுத்தவன் இலண்டனில் இருந்தான். அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. கண்டிக் குடியானவரின் குறை உண்மையானது. அது சென்று சேர்ந்த முகவரிதான் தவறானது.

வெளிநாட்டரசியலும் இவ்வச்சத்துக்கு எண்ணெய் வார்த்தது. இந்தியப் பெருங்கடலின் காவல் இந்தியாவினதே எனக் கே. எம். பணிக்கர் எழுதினார். இலங்கை என்றேனும் இந்தியக் கூட்டாட்சியில் ஒரு சுயாட்சி அலகாகச் சேரலாம் என்ற கருத்தை நேருவும் 1940களில் வெளியிட்டிருந்தார். டி. எஸ். சேனநாயக்கா 1947 நவம்பரில் பிரித்தானியாவுடன் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்ததற்கு இந்தியாவைப் பற்றிய ஐயமும் ஒரு காரணம் என்பர். திருகோணமலையும் கட்டுநாயக்காவும் பிரித்தானியப் படைத்தளங்களாகத் தொடர்ந்தன. அவை இருப்பது நாட்டுக்குக் காவல் என்றது ஆளுங்கட்சி. அவை இருக்கும்வரை சுதந்திரமே ஐயத்துக்குரியது என்றனர் சமசமாஜக் கட்சியினரும் கம்யூனிஸ்டுகளும். நாட்டின் அரண் எது என்பதிலேயே கட்சிகள் பிளவுபட்டிருந்த வேளையில், எதிர்த்தரப்புக்குச் சார்பான ஒரு வாக்காளர் கூட்டம் ‘ஐந்தாம் படை’ என ஐயுறப்பட்டது தற்செயலன்று.

இவ்வையத்துக்கு முன்னோடியான நிகழ்ச்சியொன்று ஊவாவிலேயே உண்டு. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானான். அதன்பின் பரவிய வேலைநிறுத்தங்களின் உச்சம் பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸத் தோட்டத்தில் அவ்வாண்டு மே மாதம் நிகழ்ந்தது. அங்கே தொழிலாளர் தமக்குள் ஒரு சபையைத் தெரிந்து கொண்டனர் என்றும், தோட்டத் துரை அச்சபையோடு கலந்தே கருமமாற்ற உடன்பட்டார் என்றும், அடக்க வந்த பொலிசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தனர் என்றும் சமசமாஜக் கட்சியின் வரலாறுகள் கூறும். உலகப்போர் மூண்டிருந்த காலம் அது. சூனில் கட்சித் தலைவர்களான என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தனா, கொல்வின் ஆர். டி சில்வா முதலியோர் பாதுகாப்பு விதிகளின்கீழ்ச் சிறைப்படுத்தப்பட்டனர். கூலி கேட்டமை நாட்டின் பாதுகாப்புக்கு ஊறாகக் கொள்ளப்பட்டது ஒருபுறமிருக்க, அத்தோட்டத்தார் தம் பிரதிநிதிகளைத் தாமே தெரிந்து கொண்டமையே அதிகாரிகளை மிகவும் கலக்கியிருத்தல் வேண்டும்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் ஒருவரையும் பெயர் சொல்லி விலக்கவில்லை. இலங்கையிற் பிறந்தவன், தன் தந்தையும் இங்கே பிறந்தவரென, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவரென நிறுவல் வேண்டும் என்றே அது விதித்தது. பூட்டன் பிறந்த நாளில் தோட்ட லயங்களில் பிறப்பைப் பதிந்தவர் யார்? கொழும்பிலும் காலியிலும் எவரும் கேளாத கேள்வியைப் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் கேட்டால், அதே சட்டம் வேறு சட்டமாகி விடுகிறது. அடுத்த ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம் விண்ணப்பிக்க ஒரு வாயிலைத் திறந்தது. அவ்வாண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் பிரசைகளுக்கே வாக்கு என்றது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய விண்ணப்பங்கள் குவிந்தன. இறுதியில் உரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேர்.

தமிழ்த் தலைமையும் இவ்விடத்தில் பிளந்தது. முதற் சட்டத்தை எதிர்த்த ஜி. ஜி. பொன்னம்பலம் 1948இல் அமைச்சரவையிற் சேர்ந்தார். செல்வநாயகமும் வன்னியசிங்கமும் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை நிறுவினர்.

1952 தேர்தலில் மலையகத்திலிருந்து இந்திய வம்சாவளித் தமிழர் ஒருவரும் தெரிவாகவில்லை. ஐக்கிய தேசியக் கட்சியின் இடங்கள் 42இலிருந்து 54ஆக உயர்ந்தன. காங்கிரசு அவ்வாண்டு கொழும்பிற் சத்தியாக்கிரகம் செய்தது. கோடகன் பிள்ளை என்பார் தம் பெயரை வாக்காளர் இடாப்பிற் சேர்க்கக் கோரித் தொடுத்த வழக்கு இலண்டன் பிரிவுக் கவுன்சில் வரை சென்று 1953இல் தோற்றது. எந்தச் சமூகத்துக்கும் பாகுபாடு காட்டலாகாது என்ற அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, தன் குடிகள் யாவர் என வரையறுக்கும் ஒரு நாட்டின் அதிகாரத்தைத் தடுக்காது என்பது தீர்ப்பின் சாரம்.

இவ்வரலாற்றில் அதிகம் பேசப்படாத பகுதி தொகுதிக் கணக்கே. பாராளுமன்ற இடங்கள் வாக்காளர் தொகையைக் கொண்டல்லாது, குடித்தொகையையும் நிலப்பரப்பையும் கொண்டே மாகாணங்களுக்கு வகுக்கப்பட்டன. 1959ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தத்தின் வழி நிகழ்ந்த எல்லை நிர்ணயத்திலும், பிரசையா அல்லவா என நோக்காது முழுக் குடித்தொகையுமே கணக்கிடப்பட்டது. தோட்டத்துத் தமிழன் ஆசனங்களை எண்ணும்போது ஓர் ஆள். வாக்குச்சாவடியில் ஆளே அல்லன். ஊவாவுக்கும் மத்திய மாகாணத்துக்கும் அவன் தலையை எண்ணி வழங்கப்பட்ட இடங்களை அயற்கிராமத்தார் வாக்களித்து நிரப்பினர். கண்டித் தொகுதிகளின் வாக்கு ஒவ்வொன்றும் கரையோரத்து வாக்கினும் கனம் பெற்றது. விசுவாசமற்றவன் என விலக்கப்பட்டவன் பிறர் வாக்குக்கு எடை கூட்டும் படிக்கல்லாக மட்டும் பயன்பட்டான். பாதுகாப்பே உண்மைக் கவலையாயிருந்திருப்பின், ஐயத்துக்குரியவன் அக்கணக்கிலிருந்தும் நீக்கப்பட்டிருப்பான் அல்லவா?

கட்சிகளின் பின்னைய போக்கு இவ்வையத்தை வலுப்படுத்துகிறது. 1948இல் சட்டத்தை வன்மையாக எதிர்த்த சமசமாஜக் கட்சி, 1964 சூனில் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அமைச்சரவையிற் சேர்ந்தது. 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பி 300,000 பேரை இங்கே ஏற்பதென்ற சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை அவ்வாண்டு அக்டோபர் 30இல் கைச்சாத்தானபோது அது அரசாங்கத்திலேயே இருந்தது. வாக்கைப் பறித்த ஐக்கிய தேசியக் கட்சியோ, 1978இல் தொண்டமானை அமைச்சராக்கியது. எஞ்சிய நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் 39ஆம் இலக்கச் சட்டத்தை 1988 நவம்பரில், சனாதிபதித் தேர்தலுக்குச் சில வாரங்களே இருக்கையில் நிறைவேற்றியது. நாற்பதாண்டுக் காலம் நாட்டுக்கு ஆபத்தென்றிருந்த வாக்கு, தேவைப்பட்ட மாதத்தில் ஆபத்தற்றதாயிற்று.

அதே 1988இல் வாக்குக்கு வேறொரு தரப்பிலிருந்து அச்சுறுத்தல் வந்தது. ரோகண விஜேவீர அமைத்த மக்கள் விடுதலை முன்னணி, தன் உறுப்பினருக்கு நடத்திய ஐந்து வகுப்புகளுள் ஒன்று ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’ பற்றியது. தோட்டத் தொழிலாளர் அவ்விஸ்தரிப்பின் கருவிகளாக அதிற் காட்டப்பட்டனர். இந்திய அமைதிப்படை நாட்டில் நின்ற அந்நாளில், தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு அம்முன்னணி விடுத்த மிரட்டலால், ஊவாவின் மற்றைய மாவட்டமாகிய மொனராகலையில் வாக்காளருள் ஐந்தில் ஒருவர்கூட வாக்களிக்கவில்லை.

இடைப்பட்ட காலத்தில் பாதுகாப்பு என்ற சொல் பதுளையில் ஏட்டளவில் நிற்கவில்லை. 1983 யூலை 27இல் பதுளை நகரின் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. 2000 அக்டோபர் 10இல் பொதுத்தேர்தல் முடிந்து இரு வாரங்களின்பின், 25ஆம் நாள், பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவப் புனர்வாழ்வு முகாமில், அரசின் காவலிலிருந்த தமிழ் இளைஞர் இருபத்தைவருக்கு மேற்பட்டோர் கும்பலொன்றினாற் கொல்லப்பட்டனர். காவல் நின்ற பொலிசார் தடுக்கவில்லை. கீழ்நீதிமன்றிற் குற்றவாளிகளாகக் காணப்பட்டோரும் 2005இல் உயர்நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர்.

வாக்குரிமை மீண்டபின் பாதுகாப்பு விவாதம் தோட்டத்துத் தொழிற்சங்கங்களுக்குள்ளும் புகுந்தது. 2015 சனாதிபதித் தேர்தலில் போர்வெற்றியையும் வெளிநாட்டுச் சதியையும் முன்வைத்த மகிந்த ராஜபக்ச, பதுளை மாவட்டத்தை மைத்திரிபால சிறிசேனவிடம் இழந்தது சில நூறு வாக்குகளால் மட்டுமே. பூட்டன் பிறப்பை நிறுவ இயலாதாரின் பேரர் வாக்குகள் அக்கணக்கில் எத்துணைப் பெறுமதியுடையன என்பதை விளக்க வேண்டியதில்லை. 2019 ஏப்ரல் குண்டுத்தாக்குதல்களின்பின் நடந்த தேர்தலில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசு கோட்டாபய ராஜபக்சவையும், தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித் பிரேமதாசாவையும் ஆதரித்தன. நுவரெலியா சஜித்துக்கும் பதுளை கோட்டாபயவுக்கும் முதலிடம் தந்தன. அடுத்த ஆண்டு, சனாதிபதியின் அதிகாரத்தைப் பெருக்கிய இருபதாம் திருத்தத்துக்கு, எதிர்த்தரப்பில் நின்று பதுளையில் வென்ற அ. அரவிந்தகுமார் ஆதரவாக வாக்களித்தார். தெரிவோரைச் சல்லடையிட்ட நாட்டில், தெரிவானவரைப் பிடித்து நிறுத்தும் கயிறு அப்போதும் நெய்யப்படவில்லை.

2024 நவம்பர் 14இல் நடந்த பொதுத்தேர்தலில் மக்கள் விடுதலை முன்னணி தலைமை தாங்கும் தேசிய மக்கள் சக்தி பெருவெற்றி பெற்றது. அதன் பட்டியலில் பதுளை மாவட்டத்திலிருந்து கிட்ணன் செல்வராஜும் அம்பிகா சாமுவேலும் தெரிவாயினர். அம்பிகா சாமுவேலும், நுவரெலியாவில் தெரிவான கிருஷ்ணன் கலைச்செல்வியும் பாராளுமன்றம் புகுந்த முதல் மலையகத் தமிழ்ப் பெண்கள். ஐந்து வகுப்புகளில் ஐந்தாம் படையாகப் பாடஞ் சொல்லப்பட்ட லயங்களின் வாக்கும் சேர்ந்தே, அவ்வகுப்புகளை நடத்திய கட்சியை அவ்வாண்டு ஆட்சிக்கு அனுப்பியது.