ஒரே மஸ்டாங், நான்கு பெட்டிகள்: எதை வாங்கலாம்?

நாலைந்து விமானம் ஒட்டிக் கை பழகிவிட்டது. அடுத்து 1/48 அளவில் (நிஜத்தில் 48 அடி, மாதிரியில் ஒரு அடி) பி-51டி மஸ்டாங் செய்ய ஆசை. இரண்டாம் உலகப் போரின் இந்த அமெரிக்கச் சண்டை விமானத்துக்குத் தமியா, ஏர்ஃபிக்ஸ், மெங், எடுவார்ட் என்று நான்கு கிட்டுகள் போட்டியிடுகின்றன. எதை வாங்குவது?

1995இல் வந்த தமியாவை இன்னும் வாங்கலாமா? தாராளமாக. பாகங்கள் அத்தனை கச்சிதமாகப் பொருந்தும். குறை ஒன்று உண்டு. நிஜ விமானத்தில் சக்கரக் குழி, இறக்கையைத் தாங்கும் முதன்மை உத்தரம் வரை பின்னால் நீளும். தமியாவிலோ குழியின் சுவர் திறப்பின் விளிம்பையே ஒட்டி நின்றுவிடுகிறது.

மேசைமேல் நிற்கும் விமானத்தின் அடிவயிற்றை யார் பார்க்கப்போகிறார்கள் என்கிறீர்களா? வீட்டு அலமாரிக்கு என்றால் யாரும் இல்லை. போட்டி நடுவர் டார்ச் அடித்துப் பார்ப்பார். அதற்கு எடுவார்டோ ஏர்ஃபிக்ஸோ நல்லது. இரண்டிலும் குழி சரியாக இருக்கிறது.

அப்படியானால் 2019இல் வந்த எடுவார்ட்தானே சிறந்தது? நுணுக்கத்தில் ஆம். ஆனால் வேலையும் அதில்தான் அதிகம். உடலெங்கும் ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) வரிசைகள் ஊசிமுனைப் புள்ளிகளாக ஓடுகின்றன, பார்க்கவே அழகு. இறக்கையில் மட்டும் அவை இடிக்கின்றன. காற்று வழுக்கிச் செல்ல வேண்டும் என்பதற்காக, தொழிற்சாலையிலேயே இறக்கையின் முன்பகுதி ரிவெட்டுகளையும் இணைப்புகளையும் பட்டி வைத்து மூடி, தேய்த்து, வெள்ளி வண்ணம் அடித்துவிட்டார்கள்.

ஆகவே நீங்களும் அதையே செய்ய வேண்டும். மிஸ்டர் சர்ஃபேசர் போன்ற திரவப் பட்டியைப் பூசி, காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேயுங்கள். துப்பாக்கிப் பெட்டி மூடிகளையும் எரிபொருள் மூடியையும் தொட வேண்டாம். நிஜத்திலும் அவை தெரிந்தன. மற்ற கிட்டுகளிலும் இறக்கைக் கோடுகளை அடைக்கத்தான் வேண்டும். எடுவார்டில் புள்ளிகள் எக்கச்சக்கம் என்பதால் ஒரு மாலை கூடுதலாகப் போகும்.

வண்ணத்தில் என்ன மாற்றம்? உடல் வெறும் உலோகம், இறக்கை வெள்ளிப் பெயின்ட். இரண்டும் ஒரே மாதிரி மினுங்கக் கூடாது. இன்றைய விமானக் காட்சிகளில் பறக்கும் மஸ்டாங்குகளைப் பார்த்து இறக்கையையும் கண்ணாடிபோல் பளபளக்க வைப்பதுதான் பலர் செய்யும் தவறு. போர்க்காலப் படங்களை நம்புங்கள்.

எடுவார்டில் ப்ரோஃபிபேக், வீக்கெண்ட் என இரண்டு பெட்டிகள் உண்டே? முன்னதில் ஃபோட்டோ-எட்ச் (அமிலத்தால் அரித்து எடுத்த மெல்லிய உலோகப் பாகங்கள்), விமானி அறைக் கண்ணாடிக்கான மறைப்பு ஒட்டிகள் எல்லாம் இருக்கும். பின்னதில் இவை இல்லை, விலை குறைவு. மறைப்பு ஒட்டியைக் கையால் வெட்டிப் பழகியவருக்கு வீக்கெண்டே போதும்.

ஏர்ஃபிக்ஸ் சிக்கனம். வடிவம் நன்று, கோடுகள்தான் சற்றுத் தடிமன். மெங்கைப் பசையின்றி அழுத்தியே பொருத்தலாம். நீண்ட வேலைகளுக்கு நடுவே இளைப்பாற நல்ல கிட்.

என்னைக் கேட்டால் போட்டிக்கு எடுவார்ட், மனநிறைவுக்குத் தமியா.

எதை எடுத்தாலும், நீங்கள் செய்யப்போகும் குறிப்பிட்ட விமானத்தின் புகைப்படத்தை முதலில் தேடுங்கள். தொடக்கக்கால பி-51டி-5 விமானங்கள் ஆலையிலிருந்து வந்தபோது பலவற்றின் வாலுக்கு முன்னால் அந்தச் சரிவான முதுகுத் துடுப்பு கிடையாது. சிலவற்றில் அதைப் பிறகுதான் பொருத்தினார்கள். உங்கள் விமானத்தில் அது இருந்ததா என்று பார்த்த பிறகு பெட்டிக்குக் காசு கொடுங்கள்.