அகழி சூழ்ந்த பண்ணை வீடுகள்

இங்கிலாந்தில், குறிப்பாக சஃபோக், எசெக்ஸ் போன்ற கிழக்குப் பகுதிகளின் களிமண் நிலங்களில், நாற்புறமும் நீர் சூழ்ந்த மேடுகள் வயல்களின் நடுவே இன்றும் காணப்படுகின்றன. இவை இடைக்காலத்தில் அகழி வெட்டி அமைக்கப்பட்ட வீட்டுமனைகள். அறியப்பட்ட ஏறத்தாழ 6,000 மனைகளுள் பெரும்பாலானவை 1250க்கும் 1350க்கும் இடையே தோன்றியவை.

அகழி என்றதும் கோட்டையும் முற்றுகையும் நினைவுக்கு வருவது இயல்பே எனினும், இவற்றுள் பெரும்பாலானவை திருடரையும் மேயவந்த மாடுகளையும் தடுக்குமேயன்றிப் படையெடுப்பைத் தாங்கமாட்டா. இவற்றின் முதற்பயன் மதிப்பே என்று கொள்வது பொருந்தும். பிரபுவின் சொந்த நிலமும், அவருக்கு உழைப்பும் வாரமும் செலுத்தக் கடமைப்பட்ட குடியானவர்களின் நிலமும் சேர்ந்த பண்ணையமைப்பு மேனர் எனப்பட்டது. அதன் தலைமை வீட்டை ஊரிலிருந்து பிரித்து உயர்த்திக் காட்டியது அகழி. வாரம் செலுத்த வந்தவரும் வழக்குரைக்க வந்தவரும் ஒரே பாலத்தைக் கடந்துதான் உள்ளே செல்ல வேண்டியிருந்தது. ஹியர்ஃபோர்ட்ஷயரின் லோயர் பிராக்ஹாம்ப்டனில், இடைக்காலத்தின் பிற்பகுதியில் எழுந்த மரச்சட்ட வீட்டின் முன்னே, அகழிக்கு மேலேயே நிற்கும் சிறு வாயில்மாடம் 16ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. அதன் மேல்தளம் கீழ்த்தளத்தைவிட வெளியே நீண்டிருக்கிறது. காவலைவிட வரவேற்பின் மிடுக்கே அதில் புலப்படுகிறது.

பிரபுக்கள் மட்டுமே அகழி வெட்டினர் என்பதில்லை. வார்விக்ஷயரின் ஆர்டன் பகுதியில் காடு திருத்திக் கழனியாக்கிய சுதந்திரக் குடியானவர்களும் தங்கள் மனையைச் சுற்றி அகழி வெட்டினர்; மேலோரின் அடையாளத்தை எளியோரும் தமதாக்கிக்கொண்ட இச்செய்தி, அக்காலச் சமூகத்தைப் பற்றி அரண்மனை வரலாறுகள் சொல்லாத ஒன்றைச் சொல்கிறது.

களிமண் நீரைத் தானே தேக்கிவைத்ததால் கரைக்குப் பூச்சு தேவைப்படவில்லை. தோண்டிய மண் மனையை உயர்த்தியது. மழைநீர் வடிந்து தரை உலர்ந்தது. திருச்சபை இறைச்சியை விலக்கிய நோன்பு நாள்களுக்கு வேண்டிய மீன் அந்நீரில் வளர்ந்தது. சில வீடுகளில் கழிப்பறைக் கழிவும் அதிலேயே விழுந்தது.

1348இல் வந்த கொள்ளைநோய்க்குப் பின் புதிய அகழிகள் அருகின. எனினும் நார்ஃபோக்கின் ஆக்ஸ்பரோ மாளிகை போன்றவை 1482 அளவிலும் அகழியுடனேயே எழுந்தன.

ஆக்சிஜன் புகாத அகழிச் சேற்றில் பாலத்தூண்கள், தோற்செருப்புகள், விதைகள், மகரந்தம் ஆகியவை மக்காமல் கிடக்கின்றன. தூண்களின் வளர்ச்சி வளையங்களின் அகல வரிசையை, ஆண்டு அறியப்பட்ட வரிசைகளோடு ஒப்பிட்டு மரம் வெட்டப்பட்ட ஆண்டைக் கணிக்க இயலும். மகரந்தத்தைக் கொண்டு சுற்றிலும் விளைந்த பயிர்களை அறியலாம். சேறு உலர்ந்தால் இச்சான்றுகள் விரைவில் அழிந்துவிடும் என்பதால், உழவுக்காக அகழிகளைத் தூர்ப்பதும் நீரை வடிப்பதும் ஈடுசெய்ய முடியாத இழப்பாகும்.