பாமினி, கார்த்திகா, ஒரு கல்யாணக்குறி

"மேட்டர் பழசுதான். பேரும் தேதியும் மாத்தினா போரும்." கல்யாண மாதங்களில் வெள்ளறடைப் பக்கத்து டி.டி.பி. கடைகளில் இந்த வாக்கியம் ஓயாமல் காதில் விழும். மூத்தவளுக்கு அடித்த கல்யாணக்குறியையே, அதாவது அழைப்பிதழையே, இளையவளுக்கும் அடிக்க வேண்டும். ஒரு பக்கம் மலையாளம், மறுபக்கம் தமிழ். பெண் வீடு இங்கே, மாப்பிள்ளை வீடு பனச்சமூடு தாண்டி விளவங்கோடு தாலுகாவில். அரை மணி நேர வேலைதானே என்று கடைக்காரரும் தலையாட்டிவிடுவார். போன வாரம் வாங்கிய புதுக் கம்ப்யூட்டரில் அந்தப் பழைய ஃபைலைச் சொடுக்கும்போதுதான் சங்கதி தெரியும்.

இதை எந்த நிரலில் திறப்பது என்று கம்ப்யூட்டர் இவரையே திருப்பிக் கேட்கும். ஃபைலின் பெயருக்கு வாலாக 'பி.எம்.டி.' என்று இருக்கிறது. அப்படியென்றால் பேஜ்மேக்கர். அலமாரியில் சி.டி. பத்திரமாக இருக்கிறது, புதுப் பெட்டியில் அதைப் போட வாயில்லை. யாரிடமிருந்தோ பென் டிரைவில் வாங்கிவந்து செட்டப்பை ஓட்டினால், இந்த ஆப் உங்கள் கணினியில் ஓடாது என்று ஒரு நீலப் பட்டை வந்து நிற்கும். காரணம் ஒரு வரிகூட இருக்காது.

இந்தத் தலைவலியின் ஒரு பாதி ஊரின் வரைபடத்தில் இருக்கிறது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடு நின்றது. பாறசாலை, குன்னத்துக்கல், வெள்ளறடை என்று கோடு போன இடமெல்லாம் பெண் கொடுத்ததும் எடுத்ததும் கோட்டுக்கு இரண்டு பக்கமும்தான். தெற்கன் குருசுமலைத் தீர்த்தாடனத்துக்கும் இரண்டு மாநிலத்து ஆட்களும் ஏறுகிறார்கள். ஆகவே இங்கே பிரஸ் வைத்திருப்பவருக்கு இரண்டு மொழியும் வேண்டும். இரண்டு மொழிக்கும் இரண்டு வகைப் பழைய எழுத்துரு. வேறு ஊர்க் கடைக்காரருக்கு ஒரு பூட்டு என்றால் இவருக்கு இரண்டு.

பேஜ்மேக்கரின் ஜாதகத்தையும் பார்த்துவிடலாம். ஆல்டஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 1985-இல் வெளியிட்டது. 1994-இல் ஆல்டஸை அடோபி வாங்கியது. 2001-இல் வந்த ஏழாம் பதிப்போடு வம்சம் முடிந்தது. அதற்குள் இன்டிசைன் என்ற வாரிசு வந்துவிட்டது. ஆனாலும் நம் ஊர் அச்சுத் தொழில் அதை விடவில்லை. தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூல் 2019-இல் புதிதாக வந்தபோது, பேஜ்மேக்கருக்குத் தனிப் பாடமே வைத்தார்கள். கடைசிப் பதிப்பு வந்து பதினெட்டு வருடம் கழித்து! களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் பேஜ்மேக்கர் படிக்க, இந்தப் பக்கம் கேரளப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸில் இங்க்ஸ்கேப்பும் லிப்ரே ஆபீஸும் படிக்கிறார்கள்.

சரி, ஏன் ஓடவில்லை? காரணங்கள் பல, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. முதலாவது, பிட் கணக்கு. 1990-களின் பல நிரல்கள் 32 பிட்டாகவே இருந்தாலும் அவற்றை ஏற்றுகிற செட்டப் மட்டும் 16 பிட்டாக இருந்தது. 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரலை ஓட்டும் ஏற்பாட்டையே மைக்ரோசாஃப்ட் வைக்கவில்லை. 2021-இல் வந்த விண்டோஸ் 11-இல் 64 பிட்டைத் தவிர வேறு பதிப்பே கிடையாது. வீடு நன்றாக இருக்கிறது, சாவிதான் நுழையவில்லை என்கிற கதை. பழைய கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்த நிரல் வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்க, புதிதாக ஏற்றத்தான் முடியாமல் போவது பெரும்பாலும் இதனால்.

அடுத்தது அனுமதி. பழைய நிரல்கள் தங்கள் குறிப்புகளைத் தாங்கள் குடியிருக்கும் ஃபோல்டரிலேயே எழுதிக்கொள்ளும். விஸ்டா காலத்திலிருந்து 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் நினைத்தபடி எழுத விண்டோஸ் விடுவதில்லை. ஐக்கானில் ரைட் கிளிக் செய்து, 'கம்பாட்டிபிலிட்டி'யில் எக்ஸ்.பி.யைத் தேர்ந்தெடுத்து, அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினால் சில நிரல்கள் எழுந்து உட்காருவது அதனால்தான். சிலர் சி டிரைவில் தனி ஃபோல்டர் போட்டு அங்கே ஏற்றுவார்கள். ஏனென்று கேட்டால் "அப்படிச் செய்தா ஓடும்" என்பார்கள். காரணம் இதுதான்.

மூன்றாவது, டாங்கிள். அந்தக் காலத்தில் காசு கொடுத்து வாங்கிய இந்திய மொழி மென்பொருள் பலவற்றோடும் கட்டைவிரல் அளவில் ஒரு பூட்டு வந்தது. கம்ப்யூட்டரின் பின்னால் பிரிண்டர் செருகும் அகலமான துளையில் அது இருந்தால்தான் எழுத்து வரும். புதுப் பெட்டியில் அந்தத் துளையே இல்லை. துளைக்கு ஒரு வழி செய்தாலும் அந்தப் பூட்டுக்கான பழைய டிரைவரை 64 பிட் விண்டோஸ் ஏற்காது. நேர்மையாக விலை கொடுத்தவர் கையில் வேலைக்காகாத பூட்டு. திருட்டு நகல் வைத்திருந்தவருக்கு இந்தத் தொல்லையே இல்லை.

இந்த மூன்றோடு ஒரு கடைக்காரர் இரண்டு நாள் மல்லுக்கட்டலாம். ஆனால் வந்து நிற்கிறவர் பேஜ்மேக்கர் கேட்கவில்லை, குறி கேட்கிறார். நிரலை எழுப்புவது ஒரு வேலை, ஃபைலுக்குள் இருக்கும் மேட்டரை வெளியே எடுப்பது வேறொரு வேலை. இரண்டாவதை முதலில் செய்திருந்தால் பல கடைகளில் பாதி ராத்திரி மிச்சமாகியிருக்கும்.

இன்டிசைன் முன்பெல்லாம் பேஜ்மேக்கர் ஆறு, ஏழாம் பதிப்பு ஃபைல்களைத் திறந்துகொண்டிருந்தது. 2012-இல் வந்த சி.எஸ். 6 வரைக்கும்தான் அந்த உபகாரம். அடுத்து வந்த சி.சி. பதிப்புகளில் அதை எடுத்துவிட்டார்கள். பெற்ற பிள்ளை கைவிட, வழிப்போக்கன் கைகொடுத்தான். 2015-இல் வந்த லிப்ரே ஆபீஸ் 4.4, பேஜ்மேக்கர் ஃபைல்களைப் படிக்கக் கற்றுக்கொண்டது. அதில் உள்ள 'டிரா'வில் திறந்தால் கோடும் கட்டமும் சற்றுப் பிசகியிருக்கும், மேட்டர் வந்துவிடும். கடைக்காரரின் புதுக் கம்ப்யூட்டர் திறக்க மறுத்த ஃபைலை, பத்தாம் வகுப்பு படிக்கும் அவர் மகள் பள்ளியில் பழகிய அதே இலவச நிரல் திறந்துவிடும்.

திறந்த பிறகுதான் இரண்டாவது பூட்டு. திரையில் தமிழும் இருக்காது, மலையாளமும் இருக்காது. ஆங்கில எழுத்துகளை அள்ளி இறைத்ததுபோல் இருக்கும். பழைய எழுத்துருக்கள் செய்த தந்திரம் அது. ஆங்கில எழுத்துக்கு உரிய இடத்தில் நம் எழுத்தின் படத்தை வைத்துவிட்டார்கள். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்பதைக் கம்ப்யூட்டர் நினைவில் வைத்திருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான். பாமினியை ஏற்றினால் 'தமிழ்', ஏற்றாவிட்டால் உளறல். மலையாளத்துக்கு சி-டாக் நிறுவனம் தந்த கார்த்திகாவிலும் இதே ஏற்பாடு. ஆனால் அட்டவணை வேறு. ஆங்கில 'கே' பாமினியில் ம, கார்த்திகாவில் மலையாள ஸ. ஆங்கில 'எம்' இங்கே அ, அங்கே நெடில் கால். பாமினி, கார்த்திகா என்று இரண்டு பெண்களின் பெயரைக் கொண்ட எழுத்துருக்கள் ஒரே கல்யாணக்குறியில் முதுகோடு முதுகாக நிற்கின்றன. மலையாளப் பக்கத்துக்குத் தவறிப்போய்ப் பாமினியைக் கொடுத்தால் தமிழ் எழுத்தில் புலம்பல் வரும்.

பழகிய கைகளுக்கு இந்த உளறலே பாஷை. வார்த்தைகளுக்கு நடுவே அரைப்புள்ளிகள் கொத்துக்கொத்தாகத் தெரிந்தால் தமிழ்: பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அதுதான்.

யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன. தமிழுக்கு என்.எச்.எம். கன்வெர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ். மலையாளத்துக்கு சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவின் பையன்ஸ். அவற்றில் போட்டெடுத்தால் முக்கால்வாசி வேலை முடியும். மிச்சக் கால்வாசியில்தான் மானம் போகும். பழைய எழுத்துருவில் 'கௌ' எழுத ஒற்றைக் கொம்பு, க, பிறகு ள என்று அடித்தார்கள். 'கெள' எழுதவும் அதே மூன்றுதான். மாற்றும் கருவிக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? மணமகள் கௌரி, குறியில் 'கெளரி' ஆகிவிடுவாள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிவதால் புரூஃபிலும் தப்பிவிடும். கம்ப்யூட்டரில் 'கௌரி' என்று தேடிப் பார்த்தால் இல்லை என்று வரும்போதுதான் பிடிபடும்.

மலையாளத்துக்கும் இப்படியொரு கண்ணி உண்டு. அனில் என்ற பெயரின் கடைசி எழுத்தை மலையாளத்தில் சில்லு என்பார்கள். 2008-இல் யூனிகோடு 5.1 வரும்வரை சில்லுக்குத் தனி எண் இல்லை. மூன்று குறிகளைச் சேர்த்துத்தான் வரவழைத்தார்கள். அதற்குப் பிறகு தனி எண் வந்தது. பழைய அனிலும் புது அனிலும் பார்க்க ஒருவரே, தேடினால் இரண்டு பேர்.

மாற்றிய மேட்டரைத் திரும்பப் பேஜ்மேக்கரில் ஒட்டலாம் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். அதற்கு யூனிகோடு தெரியாது. வரிசையாகக் கேள்விக்குறிதான் நிற்கும். தமிழக அரசு 2010-இல் கோவை செம்மொழி மாநாட்டையொட்டி யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றது. கல்யாணக்குறிக்கு அந்த ஆணை இன்னும் வந்து சேரவில்லை. பழைய எழுத்துருக்களில் இருக்கிற கொழுத்த, வளைந்த, நகை போட்டதுபோன்ற எழுத்து யூனிகோடில் கிடைப்பதில்லை என்பது கடைக்காரர்களின் குறை. அதில் நியாயமும் இருக்கிறது.

தப்பிக்க வேறு வழிகளும் உண்டு. விர்ச்சுவல் பாக்ஸில் பழைய விண்டோஸை ஒரு ஜன்னலுக்குள் ஓட்டலாம். லினக்ஸில் இயங்கும் வைன், 64 பிட்டிலும் 16 பிட் விண்டோஸ் நிரல்களை ஓட்டுகிறது. விண்டோஸ் கைகழுவியதை லினக்ஸ் எடுத்து வளர்க்கிறது. நம் கல்லூரிகளில் நீலத்திரை டர்போ சி-யைப் புதுக் கம்ப்யூட்டர்களில் இத்தனை வருடம் ஓட்டியதும் டாஸ்பாக்ஸ் என்ற இப்படியொரு வேடம்தான்.

ஆனாலும் பெரும்பாலான கடைகளில் கடைசியில் எல்லோரும் போய் நிற்பது மூலையில் துணி போர்த்தி வைத்த பழைய பெட்டியின் முன்னால். எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது 2014 ஏப்ரல் 8-இல். இணைப்பு வயரைப் பிடுங்கிவிட்டு, பென் டிரைவை மட்டும் நம்பி ஓட்டினால் அது இன்னும் உழைக்கும். போர்டில் இருக்கும் காசளவு பேட்டரி எப்போதோ தீர்ந்திருக்கும். அதனால் ஒவ்வொரு தடவையும் எஃப்-1 தட்டச் சொல்லும். தேதி 2002 ஜனவரி 1 என்று காட்டும். யாரும் திருத்துவதில்லை. பெயரும் முகூர்த்த நேரமும் மாற்றி, புரூஃப் எடுத்து, ஃபைலைச் சேமித்தால் அதன்மேலும் அதே தேதி விழும். கல்யாணப் பெண் அப்போது பிறந்திருக்கவே மாட்டாள்.