மீண்டும் மிதி – 9: பேனா முள் விற்றவரின் சைக்கிள்

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு மட்டும் ஒரு வரி: இருபதுகளில் சைக்கிள் பந்தயம் ஓட்டியவன், வேலை, கல்யாணம், வீட்டுக் கடன் என்று நிறுத்திவிட்டு, நாற்பத்தாறாவது வயதில் ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவே மறுபடி மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன். மற்றதெல்லாம் பழைய இதழ்களில் இருக்கிறது.

இந்த வாரம் என் பின் கேரியரில் ஆல்பர்ட் ஈடி என்பவர் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறார். அவரை இறக்கிவிட்டுத்தான் மேலே போக முடியும்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் போய் வருகிறவர்களுக்கு என்ஃபீல்டு ஆலையைத் தெரியாமல் இருக்காது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெடிட்ச் என்ற ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தார்கள். ராணுவம் புல்லட் கேட்டது, திருவொற்றியூரில் புல்லட் வந்தது. இதுவரைக்கும் எங்கள் ஏரியா டீக்கடையிலேயே சொல்லிவிடுவார்கள். அந்த ரெடிட்ச்காரர்கள் புல்லட்டுக்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்டால்தான் கதை சூடு பிடிக்கிறது.

சைக்கிள் செய்தார்கள். சைக்கிளுக்கு முன்னால்? ஊசி. துணி தைக்கிற ஊசி!

ரெடிட்ச் ஊசிக்குப் பேர்போன ஊர். 1851இல் ஜார்ஜ் டவுன்சென்ட் என்பவர் அங்கே ஓர் ஊசி ஆலை வைத்தார். பிறகு அந்தக் கம்பெனி சைக்கிள் பாகங்கள், அப்புறம் முழுச் சைக்கிள் என்று தாவி, பணமுடையில் மாட்டி, 1891இல் இரண்டு பேர் கைக்கு வந்தது. ஒருவர் ராபர்ட் வாக்கர் ஸ்மித், கவன்ட்ரி நகரத்து ரட்ஜ் சைக்கிள் கம்பெனியில் இருந்த பொறியாளர். இன்னொருவர் நம் ஈடி. பர்மிங்காமில் பெர்ரி என்ற பேனா முள் கம்பெனியில் விற்பனை மேலாளராக இருந்தவர். ஊசிக்காரர் கட்டிய ஆலைக்குள் பேனா முள் விற்றவர் நுழைகிறார். அடுத்து அவர்களுக்குக் கிடைத்த ஆர்டர் துப்பாக்கி! மிடில்செக்ஸில் என்ஃபீல்டு என்ற இடத்தில் இருந்த அரசு ஆயுதத் தொழிற்சாலைக்குச் சின்னச் சின்னப் பாகங்கள் செய்து கொடுக்கும் வேலை. அந்தப் பெருமையில்தான் 1893இல் தங்கள் சைக்கிளுக்கு ராயல் என்ஃபீல்டு என்று பேர் வைத்தார்கள். துப்பாக்கி மாதிரி செய்யப்பட்டது என்று விளம்பரமும் செய்தார்கள். முதல் மோட்டார் சைக்கிள் 1901இல்தான். ஆக, புல்லட்டுக்கு மூத்தது சைக்கிள்.

இதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். ஈடி தன் பேரிலேயே ஒரு பாகத் தொழிற்சாலையும் நடத்தினார். 1907இல் அதை விலைக்கு வாங்கியது பி.எஸ்.ஏ. ஈடி அங்கே இயக்குநராகவும் உட்கார்ந்தார். பி.எஸ்.ஏ. யார்? 1861இல் பர்மிங்காம் துப்பாக்கிக் கொல்லர்கள் சேர்ந்து தொடங்கிய கம்பெனி. அவர்கள் முத்திரையே ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகள். அந்த பி.எஸ்.ஏ. பேரில் பிற்காலத்தில் சைக்கிள் செய்தது யார்? நம் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ். 1949இல் முருகப்பா குடும்பம் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸோடு சேர்ந்து ஆரம்பித்தது. ஹெர்குலிஸ், ஃபிலிப்ஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள்.

அதாவது திருவொற்றியூர் புல்லட்டும் அம்பத்தூர் பி.எஸ்.ஏ.வும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள். நடுவில் உறவு முடிந்துவைத்தவர் ஒரு பேனா முள் வியாபாரி. இதைக் கண்டுபிடித்த ராத்திரி தூக்கம் வராமல் மனைவியை எழுப்பிச் சொன்னேன். “அதுக்கு?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நீங்களும் அதையே கேட்கலாம். கேளுங்கள்.

ஊசிக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்தால், இரண்டுமே எஃகுக் கம்பி வேலை. கம்பியை அளவாக வெட்டி, நிமிர்த்தி, ஒரு முனையில் ஒரு வேலை, மறுமுனையில் ஒரு வேலை, ஒன்று போலவே ஆயிரக்கணக்கில். ஊசிக்குப் பழகிய ஊருக்கு ஸ்போக் அந்நியமாக இருந்திருக்காது என்பது என் ஊகம். துப்பாக்கிக்கும் அதே கதைதான்; கடைசல் இயந்திரத்தில் நுணுக்கமாகச் சுற்றி எடுத்த, ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடக்கூடிய பாகங்கள். சண்டை இல்லாத காலத்தில் அந்த இயந்திரங்களுக்கும் வேலை வேண்டுமே!

ஸ்போக் என்றதும் காலடிப்பேட்டை சைக்கிள் கடை அண்ணன் ஞாபகம். நம் ஊர்ப் பழைய ரோட்ஸ்டர் வண்டிக்கு முன்சக்கரத்தில் 32 கம்பி, பின்சக்கரத்தில் 40. பாரம் பின்னால்தானே. பரணில் கிடந்த என் பழைய பி.எஸ்.ஏ.வை இறக்கி அவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். மட்கார்டு, கேரியர், செயின்கவர் எல்லாம் அந்தக் காலத்திலேயே கழற்றி எறிந்த வண்டி. எங்கள் பகுதியில் பந்தய சைக்கிள் என்றால் அப்போது அதுதான். அண்ணன் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பின்சக்கரத்தைச் சுண்டிவிட்டு, ரிம் பக்கத்தில் சாக்பீஸைப் பிடித்தார். சக்கரம் ஒரு பக்கம் மட்டும் வெள்ளை பூசிக்கொண்டது.

“இன்னா தம்பி, இத்த வெச்சிக்கினு ரேஸ் உடப் போறியா?”

“ஆமாண்ணே.”

“ஸ்போக்கு போயிருக்கு, பால்ரஸ் மாத்தணும். ரிம்மு கோட்டத்த நான் எடுத்துருவேன். உன் இடுப்புக் கோட்டத்த யாரு எடுக்கறது?”

நிப்பிள் சாவியால் இந்தப் பக்கம் அரைச் சுற்று இறுக்கி, எதிர்ப்பக்கம் அரைச் சுற்று தளர்த்தி, மறுபடி சுண்டி, மறுபடி சாக்பீஸ். ரெடிட்ச் கதையை அவரிடமும் சொன்னேன். கோணி ஊசி செஞ்சானா, தையல் ஊசி செஞ்சானா என்று கேட்டார். இதுவரை எனக்குக் கிடைத்ததிலேயே மரியாதையான எதிர்வினை அதுதான்.

டயர் கதையையும் இதே சாலையில் முடித்துவிடலாம். 1946இல் மாம்மென் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு சின்ன கொட்டகையில் பிள்ளைகள் விளையாடும் பலூன் செய்ய ஆரம்பித்தார். அதுதான் பிற்பாடு எம்.ஆர்.எஃப். ஆனது. ஊசியில் ஆரம்பித்த வண்டியும் பலூனில் ஆரம்பித்த டயரும் ஒரே ஊரில். ஊசியும் பலூனும் என்று எழுத வரும் சிலேடையை அடக்கிக்கொள்கிறேன்.

இவ்வளவு சக்கரத்தை உருட்டிவிட்ட ஊரில் சைக்கிள் பந்தயம் ஓட்ட இடம் எங்கே இருக்கிறது? என் கோபம் இங்கேதான். ஆலைச் சங்கு ஊதினால் விம்கோ, லேலண்ட், என்ஃபீல்டு என்று வாசல் வாசலாக சைக்கிள் கொட்டிய சாலை இது. அப்பாவின் ஹெர்குலிஸ் அந்தக் கூட்டத்தில் ஒன்று. பொங்கலுக்கு மன்றத்துப் பையன்கள் பந்தயம் வைத்தால் போலீஸ்காரரே விசில் ஊதித் தொடங்கிவைப்பார். இன்றைக்கு அரசு நடத்தும் பந்தயம் என்றால் செப்டம்பரில் மாவட்டந்தோறும் நடக்கும் அண்ணா பிறந்தநாள் மிதிவண்டிப் போட்டி. 13, 15, 17 வயதுக்கு உட்பட்டவர்கள் என்று மூன்று பிரிவு. இந்தியாவில் தயாரான, சாதாரணக் கைப்பிடி வைத்த வண்டியாக இருக்க வேண்டும் என்பது விதி. அருமையான விதி. ஏழைப் பிள்ளையும் பணக்காரப் பிள்ளையும் ஒரே மாதிரி வண்டியில் நிற்க வேண்டும். ஆனால் 17 வயதோடு அங்கே கதவு சாத்திவிடுகிறார்கள். அதற்கப்புறம் ஓட்ட விரும்பும் தண்டையார்பேட்டைப் பையன் ஈசிஆர் பக்கம்தான் போக வேண்டும், லட்ச ரூபாய் கார்பன் வண்டிகளுக்கு நடுவே. பையனுக்கே அப்படி என்றால் அவன் அப்பன் வயதுக்காரனுக்கு?

எனக்குக் கிடைத்தது விடியலுக்கு முந்தைய ஒரு சந்து. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கண்டெய்னர் டிரெய்லர்கள் வரிசையாக உறங்கும் நேரம். காசிமேடு தாண்டும்வரை மீன் கூடையிலிருந்து சொட்டிய ஐஸ் தண்ணீர், அதில் வழுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம் டிரெய்லரிலிருந்து உதிர்ந்த போல்ட்டும் கம்பித் துண்டும். மார்கழியில் வடக்கே மிதித்தால் வாடைக்காற்று மூஞ்சியிலேயே அறையும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும், நாம்தான் பெரிய வீரன் என்று நினைத்துக்கொள்ளலாம். காற்றில் என்ன கலந்திருக்கும் என்பது அன்றன்றைக்கு அதிர்ஷ்டம். ராயபுரத்தில் கைக்குட்டை கறுப்பாவது 2011க்குப் பிறகு கொஞ்சம் குறைந்தது. உயர் நீதிமன்ற உத்தரவால் அந்த வருடம் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் நின்றன. நிலக்கரி எண்ணூருக்குப் போனது. நாங்களும் எண்ணூருக்குத்தானே மிதிக்கிறோம்! 2023 டிசம்பர் 26 ராத்திரி பெரியகுப்பம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து ஜனங்கள் வீட்டை விட்டு ஓடிய சாலையும் இதுதான்.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாக, ஏனென்றால் கேள்வி கேட்டு எழுதுகிறவர்கள் எல்லோரும் அதையே கேட்கிறீர்கள். பயிற்சியை நிறுத்தினால் தெம்பு எவ்வளவு வேகமாகப் போகும்? எட்வர்ட் காய்ல் குழுவினர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள் நிறுத்திய மூன்று வாரத்துக்குள் உடம்பு உள்வாங்கும் ஆக்சிஜனின் உச்ச அளவு 7 சதவீதம் குறைந்தது. மூன்று மாதம் நெருங்கும்போது 16 சதவீதம். வருடக்கணக்கில் நிறுத்தியவன் கணக்கு இதில் இல்லை. இருந்தாலும் நான் பார்க்க மாட்டேன்.

திரும்பி வருமா என்பதற்கு ராபர்ட் மார்ஷாந்தைப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர். சின்ன வயதில் சைக்கிள் ஓட்டினார், குள்ளம், ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். தீயணைப்பு, மரம் வெட்டுவது, தோட்ட வேலை, மது வியாபாரம் என்று ஒரு முழு ஆயுளை முடித்துவிட்டு 67 வயதில் திரும்பவும் சீட்டில் ஏறினார். 2012இல், நூறு வயதில், ஒரு மணி நேரத்தில் 24 கிலோமீட்டருக்கு மேல். 2014இல், 102 வயதில், 26.927 கிலோமீட்டர். நூறைத் தாண்டிய பிறகு வேகம் கூடியிருக்கிறது! வெரோனிக் பில்யா என்ற உடலியல் அறிஞர் அவரைச் சோதித்ததில், 101க்கும் 103க்கும் நடுவே அந்த ஆக்சிஜன் உச்சம் 31இலிருந்து 35 மில்லிலிட்டர் (உடல் எடையில் கிலோவுக்கு, நிமிடத்துக்கு) ஆகியிருந்தது. ரகசியம் ஒன்றும் பெரிதில்லை: வருடத்துக்கு ஐயாயிரம் கிலோமீட்டர், ஐந்தில் நாலு பங்கு நிதானமாக, ஒரு பங்கு மூச்சு முட்ட. நான் செய்வது நேர் எதிர். எவனாவது பையன் முந்தினால் போதும், அன்றைக்கு ஐந்து பங்கும் மூச்சு முட்டத்தான். 105 வயதில் அவர் 22.547 கிலோமீட்டர்தான் ஓட்டினார். பத்து நிமிடம் பாக்கி என்று காட்டிய அட்டையைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் இன்னும் அழுத்தியிருப்பேன் என்று வருத்தப்பட்டாராம். பந்தயக்காரன் பேச்சு எந்த வயதிலும் ஒன்றுதான்.

மூச்சு திரும்புகிறது, கால் திரும்புகிறது. இன்னொருவர் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் இடைவெளியில் பயமில்லாமல் ஒட்டி ஓட்டும் தைரியம் மட்டும் எனக்குத் திரும்பவில்லை. முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்க, பின்னால் வருகிறவர் மிச்சம் பிடிப்பதில்தான் பாதிப் பந்தயம் இருக்கிறது. அதைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஈடி இடத்தை எடுத்துக்கொண்டார். முன்பணமாக ஒரு கதை மட்டும். 1899 ஜூன் 30, நியூயார்க் பக்கத்து லாங் ஐலண்டில் சார்லஸ் மர்ஃபி என்பவர் ஓடும் ரயிலுக்குப் பின்னால் சைக்கிள் ஓட்டினார். தண்டவாளத்துக்கு நடுவே பலகை பாவி, பெட்டியின் பின்புறம் காற்று மறைக்கத் தட்டி அடித்துக் கொடுத்தார்கள். ஒரு மைலை 57.8 வினாடியில் கடந்துவிட்டார். பலகை தீரப்போகிறது, ரயில் வேகத்தில் வந்த ஆள் என்ன செய்வார்? பெட்டியில் நின்றவர்கள் எட்டிப் பிடித்து, ஆளையும் சைக்கிளையும் சேர்த்து மேலே தூக்கிப் போட்டுக்கொண்டார்கள்.

மர்ஃபி செய்ததை டிரெய்லருக்குப் பின்னால் செய்து பார்க்கும் பையன்கள் நம் விரைவுச் சாலையில் இருக்கிறார்கள். ஒருவனை நிறுத்தித் திட்டினேன். “நீ எவ்ளோ ஸ்பீடு போவ அங்கிள்?” என்று திருப்பிக் கேட்டான். அடுத்த வாரம் அவனிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

(தொடரும்)