பட்டாளத்து ஜீப்பிற்கு ரிவர்ஸ் விளக்கு

பட்டாளத்தில் கழித்து விற்ற ஜீப்பையோ ஜோங்காவையோ ஆசையுடன் வாங்கி ஓட்டும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. புது வர்ணம் பூசுகிறார்கள், மெத்தை தைக்கிறார்கள், ஆயின் ரிவர்ஸ் விளக்கைப் பற்றி நினைப்பவர் சிலரே. திருப்பதிச் சந்துகளிலும், மாம்பழப் பருவத்துச் சித்தூர் மண்டிகளிலும் இருட்டில் வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போது, பின்னால் நிற்கும் குழந்தை ஓட்டுபவர் கண்ணில் படுவதில்லை. எனவே இது அழகுக்காகச் செய்யும் வேலையன்று.

இரண்டாம் உலகப் போரின்போது வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் செய்த ஜீப்பில் இவ்விளக்கு இல்லை. அது மறதியன்று. இரவில் வெள்ளொளி பகைவனுக்கு இடங்காட்டிவிடும். ஆகவே தொடர்ந்து வரும் வண்டி இடைவெளி அறிவதற்கென மங்கலான கீற்று விளக்குகளை வைத்தார்கள். 1945இல் போர் முடிந்தபின் அவ்வண்டிகள் உபரிச் சரக்காகப் பொதுமக்கள் கைக்கு வந்தன. 1947 முதல் மகிந்திரா நிறுவனத்தார் வில்லிஸ் ஜீப்பை நம் நாட்டிலேயே பூட்டி விற்றனர். 1969 முதல் ஜபல்பூரில் இராணுவத்திற்கென ஜோங்கா உருவாயிற்று. மறைந்து செல்லப் பிறந்த வண்டியாயினும், வீட்டு வாசலுக்கு வந்தபின் அது மறைந்திருத்தல் தகாது.

டாஷ்போர்டில் கையால் போடும் ஸ்விட்ச் ஒன்று போதாதா எனச் சிலர் கேட்பர். போடாது மறந்தால் இருட்டு. அணைக்காது மறந்தாலோ வண்டி முன்னே ஓடும்போதும் பின்வருபவர் கண் கூசும், வண்டி எப்பக்கம் நகர்கிறதென்ற குழப்பமும் விளையும். ரயில் நிலையங்களில் பாயிண்டும் சிக்னலும் பிணைக்கப்பட்டிருக்கின்றன. பாயிண்ட் சரிவரப் பொருந்தாமல் சிக்னல் வழிவிடாது. மனிதனின் நினைவை மட்டும் நம்பாத அம்முறையே இங்கும் வேண்டும். கியர் விழுந்தால் விளக்கு எரிய வேண்டும். கியர் விலகினால் அணைய வேண்டும்.

போர்க்கால ஜீப்பில் லீவரை இடப்புறம் தள்ளி முன்னே செலுத்தினால் ரிவர்ஸ் விழும். லீவர் அவ்விடம் வரும்போது மட்டும் அழுந்துமாறு, தகட்டுத் தாங்கியில் அழுத்து ஸ்விட்ச் ஒன்றைப் பொருத்துவதே எளிய வழி. கியர் பெட்டியைத் துளைக்க வேண்டியதில்லை. லீவரின் முழு விசையும் ஸ்விட்சின்மேல் விழாதபடி சிறிது இடம் விடுக. பிரேக் பெடலுக்குரிய ஸ்விட்ச் இதற்கு உதவாது. பெரும்பாலும் அது அழுந்தியிருக்கையில் மின்சாரத்தைத் துண்டித்து, விடுபடுகையில் இணைப்பது. நமக்கு வேண்டியதோ அதற்கு நேர்மாறானது.

பாட்டரியிலிருந்து வரும் ஒயர் இக்னிஷன் ஸ்விட்ச், பியூஸ், அழுத்து ஸ்விட்ச், விளக்கு என்ற வரிசையில் சென்று சேஸிஸில் எர்த் ஆகட்டும். இக்னிஷனை ஏன் விடலாகாது? மலைப்பாதைச் சரிவில், இறக்கத்தை நோக்கி வண்டியை நிறுத்துவோர் ரிவர்ஸ் கியரில் விட்டு இறங்குவது வழக்கம். நேரே பாட்டரியில் இணைத்திருந்தால் விளக்கு இரவெல்லாம் எரியும். காலையில் வண்டி கிளம்பாது.

பல்பு வாங்குமுன் பாட்டரியின் வோல்ட்டைப் பாருங்கள். போர்க்கால ஜீப் 6 வோல்ட்டில் ஓடுவது. பின்னர் 12 வோல்ட்டிற்கு மாற்றப்பட்டவையும் உண்டு. இராணுவ வண்டிகளில் 24 வோல்ட்டும் உண்டு. 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் இழுக்கும். 6 வோல்ட்டிலோ 3.5 ஆம்பியர். ஆதலின் 6 வோல்ட் வண்டிக்குத் தடித்த ஒயரே ஏற்றது. எர்த் தரும் இடத்தில் வர்ணத்தையும் துருவையும் சுரண்டிவிடுக. மங்கலாக எரியும் விளக்குகளுக்குப் பல வேளைகளில் அத்துருவே காரணம்.

வேலை முடிந்ததும் இஞ்சினைக் கிளப்பாமல் இக்னிஷனை மட்டும் திருப்பி, ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். ரிவர்ஸில் மட்டுமே விளக்கு எரிய வேண்டும். விளக்கு வந்துவிட்டதென்று கவனத்தைக் குறைத்தலும் ஆகாது. குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் ஒருவர் இறங்கிப் பின்னால் பார்த்த பிறகே வண்டியை எடுப்பது நலம்.