உங்களுக்குத் தெரியுமா? 29 அங்குல ரிம், 28 அங்குல ரிம்மைவிடச் சின்னது!

மும்பை டப்பாவாலாக்கள் மிதிப்பது போன்ற உயரமான கறுப்பு சைக்கிளின் ‘28 அங்குல’ ரிம், டயர் உட்காரும் இடத்தில் 635 மி.மீ. விட்டம். மவுண்டன் பைக்கின் ‘29’, ரோடு பைக்கின் ‘700 சி’ இரண்டுமே 622 மி.மீ.தான்! பெயரை நம்பி வாங்கினால் டயர் வீட்டில் தொங்கும்.

• தாராவிக் கடையில் டயரை விளக்கடியில் திருப்பிப் பாருங்கள். ‘40-635’ என்று பக்கத்தில் பொறித்திருக்கும். முன்னது அகலம், பின்னது ரிம் விட்டம். கடைக்காரர் “சரியா இருக்கும் சார்” என்றாலும் இந்த எண்தான் பேசும்.

• மண்பாதைக்கென்று இன்று விலைகூட்டி விற்கும் கிராவல் பைக்குகளில் பலவும் இதே 40 மி.மீ. அகலம்தான். பால்காரர் சைக்கிளில் அது எப்போதோ வந்துவிட்டது.

• ரிம் பிரேக் உள்ள பழைய ரோடு பைக் பெரும்பாலும் 28 மி.மீ.க்கு மேல் இடம் தராது. மாட்டிக் காற்றடித்த பின், டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே 4 மி.மீ. அலன் கீ தாராளமாக நுழைய வேண்டும். இல்லையேல் ஜூலை மழையில், தோண்டிப் போட்ட செம்பூர்ச் சாலையில், சேறு அடைத்துச் சக்கரம் நின்றுவிடும்.

• அகல டயருக்குக் காற்றழுத்தம் குறைவாக இருந்தாலே போதும்.